அடைக்கலமும் காப்பவர் பொறுப்பும்: இரட்சணிய யாத்திரிகத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்தில் அமைந்துள்ள அடைக்கலக் கருத்தை ஆய்வாளர்கள் வைணவச் சரணாகதியின் தொடர்ச்சியாகவோ, ஜான் பனியனின் மூலநூற் கருத்தின் தமிழ் வடிவமாகவோ கண்டுள்ளனர். 'அடைக்கலம்' என்னும் தமிழ்ச் சொல்லில் காப்பவரின் பொறுப்பு உட்பொதிந்துள்ளது. அப்பொருளைக் கொண்டு நோக்கினால், மூலநூலின் கட்டமைப்பில் கிருஷ்ணபிள்ளை செய்த முதன்மையான மாற்றத்திற்கு இலக்கியக் காரணம் புலப்படும் என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: அடைக்கலம், இரட்சணிய யாத்திரிகம், தேம்பாவணி, சிலப்பதிகாரம், திருக்காவலூர், சரணாகதி.

முன்னுரை

கிறித்தவத் தமிழிலக்கிய ஆய்வில் அடிக்கடி எடுத்தாளப்படும் சொற்களுள் ஒன்று 'அடைக்கலம்'. எனினும் அது 'புகலிடம்', 'சரண்', 'பாதுகாப்பு' ஆகியவற்றுக்கு மாற்றுச் சொல்லாகவே பெரும்பாலும் கையாளப்படுகிறது. இதனால் ஒரு பிளவு நேர்ந்துள்ளது. இலக்கிய ஆய்வாளர் உள்ளத்தின் அடைக்கலத்தைப் பேசுகின்றனர். சமூக வரலாற்றாய்வாளர் பஞ்சத்திலும் சாதிக் கொடுமையிலும் திருச்சபையை நாடி வந்தோரின் உடற்பாதுகாப்பைப் பேசுகின்றனர். முன்னதை உயர்ந்த நம்பிக்கை என்றும், பின்னதை 'அரிசிக் கிறித்தவம்' என்றும் தரம் பிரித்த பழம்பேச்சு இப்பிளவின்மேல்தான் நிற்கிறது. அச்சொல்லின் தமிழ் வரலாறு இப்பிரிவினையை ஏற்கிறதா என்பதே முதலில் கேட்கப்பட வேண்டிய வினா.

சொல்லும் பொருளும்

சிலப்பதிகாரத்தின் பதினைந்தாம் காதை அடைக்கலக் காதை. மதுரைப் புறஞ்சேரியில் கவுந்தியடிகள் கண்ணகியை ஆயர் முதுமகள் மாதரியிடம் ஒப்படைக்கிறார். இங்கு அடைக்கலம் என்பது கண்ணகி சென்று சேர்ந்த இடத்தைக் குறிக்கவில்லை, கண்ணகியே அடைக்கலம். நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருள் என்பதே சொல்லின் பொருள். ஒப்படைப்பவர், ஒப்படைக்கப்படுபவர், ஏற்பவர் என மூவர் இதில் உள்ளனர். அம்மூவருள் சுமை முழுவதும் ஏற்பவர்மேல் விழுகிறது. கோவலன் கொலையுண்டு கண்ணகி துயருற்றதை அறிந்த மாதரி, அடைக்கலத்தைக் காக்கத் தவறினேன் என்று நடு இரவில் எரியில் புகுந்த செய்தியை நீர்ப்படைக் காதையில் மாடலன் வாயிலாக அறிகிறோம். அவளைக் குற்றம் சாட்டியவர் எவருமில்லை. ஏற்றுக்கொண்ட சொல்லே அவளிடம் உயிரை விலையாகக் கேட்டது.

கம்பரின் யுத்த காண்டத்தில் வரும் வீடணன் அடைக்கலப் படலத்தில் சொல்லின் திசை சற்றே மாறுகிறது. இங்கு ஒப்படைப்போர் இலர். வீடணன் தானே வருகிறான். ஆனால் படலத்தின் பெரும்பகுதி வீடணனின் தகுதியைப் பற்றியதாயினும், முடிவு அவனது தகுதியைக் கொண்டு அமையவில்லை. சுக்கிரீவன் ஐயுறுகிறான், அனுமன் பரிந்துரைக்கிறான், இராமனோ சிபியையும், வேடனுக்காகத் தீயில் வீழ்ந்த புறாவையும் எடுத்துக்காட்டி, அடைந்தவனைக் கைவிடுவதால் காப்பவனுக்கு நேரும் இழிவைப் பேசுகிறான். இரு காப்பியங்களிலும் அடைக்கலத்தின் அறம் காப்பவரைச் சார்ந்தே நிற்கிறது.

விவிலிய மொழிபெயர்ப்பாளர்கள் இச்சொல்லைத் தேர்ந்தபோது அதன் சுமையையும் உடன் ஏற்றுக்கொண்டனர். சங்கீதங்களில் இறைவனைக் குறிக்கவும், யோசுவா நூலில் கைப்பிசகாய்க் கொலை செய்தவன் ஓடி ஒளியத்தக்க ஆறு நகரங்களைக் குறிக்கவும் எபிரேயத்தில் வெவ்வேறு சொற்கள் உள்ளன. தமிழில் இரண்டுமே அடைக்கலம் ஆயின. சட்டம் தந்த பாதுகாப்பும் பக்தி தந்த பாதுகாப்பும் ஒரே சொல்லில் கூடின. எண்பத்து நான்காம் சங்கீதத்தில் ஆலய பீடத்தருகே கூடு காணும் சிறு பறவை, எபிரேயத்தில் வெறும் குருவியைக் குறிக்கும் சொல்லால் சுட்டப்படுகிறது. தமிழில் அது 'அடைக்கலான் குருவி'. வீட்டிறப்பில் கூடு கட்டுவதால் மக்கள் இட்ட பெயர் அது. மொழிபெயர்ப்பாளர் எதையும் கூட்டவில்லை. எனினும் மூலத்தில் இல்லாத ஒரு நயம் தமிழ் வாசகர்க்கு வாய்த்தது. வீட்டுக்காரர் கூட்டைக் கலைக்கலாகாது என்னும் வழக்கமும் அப்பெயரோடு சேர்ந்தே வருகிறது.

திருக்காவலூர்

வீரமாமுனிவர் (1680–1747) கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் எனப் பெயரிட்டு, அங்கு எழுந்த ஆலயத்தின் அன்னையை அடைக்கல நாயகியாகப் பாடினார். திருக்காவலூர்க் கலம்பகமும் அடைக்கல மாலையும் இவ்வூரைச் சார்ந்தவை. தஞ்சை அரசின் எல்லைக்குள் துன்புறுத்தப்பட்ட கிறித்தவர்கள் ஆற்றைக் கடந்து அரியலூர்ப் பாளையத்தின் எல்லைக்குள் வந்து தங்கிய ஊர் இது. ஆகவே காவலூர் என்ற பெயரில் அணிநயம் தேடுவதற்கு முன், ஓர் ஆறும் இரண்டு ஆட்சி எல்லைகளும் அதனுள் இருப்பதைக் காணவேண்டும். சிற்றிலக்கிய ஆய்வுகள் பல கலம்பக உறுப்புகளை எண்ணிச் சரிபார்ப்பதோடு நின்றுவிடுவதால் இந்த நிலவியல் கண்ணில் படாமல் போகிறது.

தேம்பாவணியை இக்கோணத்தில் நோக்கினால் அதன் தலைவர் தேர்வே புதிய பொருள் தருகிறது. 3 காண்டங்களும் 36 படலங்களும் கொண்ட அக்காப்பியத்தின் தலைவர் வளன் என்னும் சூசையப்பர். இயேசுவைத் தலைவராக்காமல் வளர்ப்புத் தந்தையைத் தலைவராக்கியதற்கு, மரியா தெ ஆகிரெதாவின் நூல் அவருக்கு ஆதாரமாக அமைந்தது ஒரு காரணம். தமிழ் மரபு நோக்கில் இன்னொன்றும் கூறலாம். மரியாளும் குழந்தையும் வளனிடம் ஒப்படைக்கப்பட்ட அடைக்கலம். ஏரோதுவுக்கு அஞ்சி எகிப்துக்குச் செல்லும் பகுதியில், உலகைக் காப்பவராகிய இறைவனே அயல்நாட்டில் புகலிடம் தேடும் குழந்தையாகிறார். அவரைக் காக்கும் பொறுப்பு ஒரு தச்சரின் தோளில் விழுகிறது. மாதரி ஏற்ற இடத்தில் வளன் நிற்கிறார் என்பது மிகையன்று.

யாத்திரிகனின் வழி

கிருஷ்ணபிள்ளை (1827–1900) திருநெல்வேலிக் கரையிருப்பில் வைணவ வேளாளர் குடியில் பிறந்து, கம்பராமாயணத்தில் தோய்ந்து, சாயர்புரத்தில் தமிழாசிரியராகப் பணியாற்றி, 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றவர். நற்போதகம் இதழில் பதின்மூன்று ஆண்டுகள் தொடராக வந்த அவரது காப்பியம் 1894இல் நூலாயிற்று. 5 பருவங்கள், 47 படலங்கள், 3766 பாடல்கள். மூலம் பனியன் 1678இல் வெளியிட்ட உருவகக் கதை.

அவருடைய அடைக்கலக் கருத்தில் வைணவச் சரணாகதியின் சாயல் இருப்பதை டென்னிஸ் ஹட்சன் விரிவாகக் காட்டியுள்ளார். அது மறுக்கற்பாலதன்று. ஆயினும் சரணாகதி என்ற ஒற்றைக் கருவி காப்பியத்தின் கட்டமைப்பை விளக்கப் போதவில்லை. தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியா, தாயே கவ்விச் செல்லும் பூனைக்குட்டியா என்று வடகலை, தென்கலை மரபினர் நிகழ்த்திய விவாதம் அடைபவரின் முயற்சி எவ்வளவு என்பது பற்றியது. காப்பவருக்கு அதனால் நேரும் இழப்பு அவ்விவாதத்தின் மையமன்று.

பனியனின் கதையிலும் காப்பவரின் இழப்பு பின்னணியிலேயே நிற்கிறது. அழிவு நகரத்தை விட்டு மனைவி மக்கள் அழைப்பையும் கேளாமல் ஓடும் மனிதனின் விடாமுயற்சியே அக்கதையை நகர்த்துகிறது. சிலுவையடியில் அவனது மூட்டை கழன்று விழுவது சில வரிகளில் முடிகிறது. அங்கு பெற்ற சான்றோலையை அவன் வழியில் தவறவிட்டுத் திரும்பிச் சென்று தேடவேண்டியிருக்கிறது. கதை முடிவில் அவ்வோலை இல்லாத ஒருவன் வான்நகர வாயிலிலிருந்தே தள்ளப்படுகிறான். சட்டத்தை மீறிப் போதித்தமைக்காகப் பெட்ஃபோர்டுச் சிறையில் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்த ஒருவர் எழுதிய கதையில் வாயிலும் ஓலையும் விசாரணையும் இத்துணை இடம்பெறுவது வியப்பன்று.

கிருஷ்ணபிள்ளை இக்கதையைத் தமிழாக்குகையில் செய்த மிகப்பெரிய மாற்றம் குமார பருவத்து இரட்சணிய சரிதப் படலத்தில் உள்ளது. பனியனிடம் கணப்பொழுதுக் காட்சியாக இருந்த சிலுவை இங்கு கிறித்துவின் பாடுகளை விரித்துரைக்கும் நெடும் படலமாகிறது. தமிழ் வாசகர்க்கு நற்செய்திக் கதை அறிமுகமில்லாமையால் ஆசிரியர் இதைச் சேர்த்தார் என்பது வழக்கமாகத் தரப்படும் விளக்கம். தேவை கருதிய விளக்கம் என்ற அளவில் அது சரியே. ஆனால் நற்போதகத்தின் வாசகர்கள் பெரும்பாலும் கிறித்தவர்களே. அவர்கள் அக்கதையை ஆலயத்தில் ஆண்டுதோறும் கேட்டவர்கள். அறிமுகம் மட்டுமே நோக்கமெனில் இத்துணை விரிவு வேண்டியதில்லை.

அடைக்கலத்தின் தமிழ்ப் பொருளைக் கொண்டு பார்த்தால் இவ்விரிவுக்கு உரிய காரணம் கிடைக்கிறது. ஓடி வருபவனின் கதையை மட்டும் சொல்லி அடைக்கலம் கிடைத்தது என முடிப்பது தமிழ்க் காப்பிய மரபில் பாதிக் கதையே. ஏற்றவர் என்ன கொடுத்தார் என்பது சொல்லப்பட வேண்டும். மாதரி அடைக்கலத்தை இழந்ததனால் உயிர் கொடுத்தாள். இங்கு காப்பவர் அடைக்கலத்தை இழவாமல் இருக்க உயிர் கொடுக்கிறார். பாடுகளின் படலம் சேர்ந்ததால் காப்பியத்தின் எடை யாத்திரிகனின் கால்களிலிருந்து காப்பவரின் உடலுக்கு மாறுகிறது. கதை ஓட்டம் அங்கு தடைப்படுகிறது என்று குறை கூறுவோர் உளர். தடைப்படுவது உண்மையே, அத்தடையின்றி யாத்திரிகனின் பின்னைய அச்சங்களும் தப்புதல்களும் வெறும் சாகசமாகச் சுருங்கியிருக்கும்.

படலங்களுக்கிடையே வரும் தேவாரப் பாடல்களுக்கும் இதே நோக்கில் இடம் உண்டு. அவற்றைச் சைவ மரபின் போலி எனக் கொள்வதும், இசைக்காகச் சேர்த்த அணி எனக் கொள்வதும் போதா. கதைப்பகுதியில் படர்க்கையில் இயங்கும் யாத்திரிகனுக்குப் பதிலாக, இங்கு ஒரு தன்மைக் குரல் காப்பவரை நேர்நின்று விளிக்கிறது. ஒப்படைத்தல் என்னும் செயல் முன்னிலையில்தான் நிகழ முடியும். 1899இல் வெளிவந்த இரட்சணிய மனோகரத்தில் அக்குரலே தனித்து நிற்பதால், தேவாரப் பகுதிகளை அந்நூலுக்கான முன்னோட்டமாகவும் கருதலாம்.

காப்பியத்துக்கு வெளியே நின்றோர்

இத்துணை சிறந்த அமைப்பில் ஒரு குறை உண்டு. மனிதக் காப்பாளர்கள் இக்காப்பியத்தில் உருவகப் பாத்திரங்களாகவே வருகின்றனர். கிருஷ்ணபிள்ளை வாழ்ந்த திருநெல்வேலியிலோ அடைக்கலம் மண்ணில் எழுந்த ஊர்களாகக் கண்முன் இருந்தது. சமயம் மாறியமைக்காகத் தம் ஊர்களில் துன்புறுத்தப்பட்டோர் குடியேற 1799இல் அமைந்தது முதலூர். அதன் பின் நாசரேத்து, மெய்ஞ்ஞானபுரம், சாயர்புரம் எனக் குடியிருப்புகள் தொடர்ந்தன. காப்பியம் உருவான தலைமுறையிலேயே 1876–78ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சமும் வந்தது. அதையொட்டித் திரளானோர் சபையில் சேர்ந்தனர். கம்பனின் நடையில் அமைந்த விருத்தங்கள் அம்மக்களின் கைக்கு எட்டும் தொலைவில் இல்லை. அவர்கள் அடைந்த அடைக்கலத்தைப் பாடுவதற்குரிய மொழி காப்பியத்திடம் இருந்தது. ஆனால் அவர்களைப் பாத்திரங்களாக ஏற்கும் இடத்தை அது அளிக்கவில்லை. வேளாளக் கவிஞரின் சாதி எல்லை என்று இதனை ஒரே வரியில் முடித்துவிடுவோர் உளர். பனியனின் உருவக முறையே தனிமனிதப் பயணத்துக்கு உரியது என்பதையும் உடன் கருதவேண்டும்.

வட தமிழகத்தில் இவ்வேறுபாடு இன்னும் தெளிவாகப் புலப்படும். ஜவ்வாது மலையடிவாரத்து ஒடுகத்தூர் வட்டாரத்தினர்க்குக் கிறித்தவம் காப்பியமாக அறிமுகமாவது அரிது. 1853இல் தொடங்கிய ஆர்க்காடு மிஷனின் பள்ளிகளும், ஐடா ஸ்கடர் 1900இல் வேலூரில் தொடங்கிய மருத்துவப் பணியும், 1918இல் பெண்களுக்கென அவர் நிறுவிய மருத்துவப் பள்ளியும் வகுத்த தடத்தில்தான் அது அறிமுகமாகிறது. மலையிலிருந்து நோயாளியைக் கொண்டு வருபவர் வேலூர் மருத்துவமனையில் ஒப்படைப்பது, சிலப்பதிகாரப் பொருளில், ஓர் அடைக்கலமே. அவரிடம் எவரும் சான்றோலை கேட்பதில்லை. சமயம் மாறும்படி சொல்வதுமில்லை. ஏற்றவர்மேலேயே பொறுப்பு விழுகிறது. உடலின் அடைக்கலம் உள்ளத்தின் அடைக்கலத்துக்குக் கீழானது என்னும் தரப்பிரிவு இங்கு எவ்வகையிலும் பொருந்தாது.

இவ்வட்டார மாணவர்கள் பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் இரட்சணிய யாத்திரிகத்தைச் சந்திக்கின்றனர். அங்கு தரப்பட்டிருப்பது பாடுகளின் பகுதி மட்டுமே. யாத்திரிகன் அதில் இல்லை. ஓடி வந்தவனைக் காணாமல், ஏற்றவரின் துன்பத்தை மட்டும் அவர்கள் படிக்கின்றனர். கல்லூரி வகுப்பில் அப்பகுதியை மீண்டும் எடுக்கும் ஆசிரியர், அதை அடைக்கலக் காதையோடும் நீர்ப்படைக் காதையின் மாதரி செய்தியோடும் அடுத்தடுத்து வைத்துக் கற்பிக்க இயலும். யாருக்காக இத்துன்பம் என்ற வினாவை மாணவர்களே அப்போது எழுப்புவர்.