வெடிக்காத பாறை

நம் மதிப்புரைகளில் ஒரு வாக்கியம் சாகவே மாட்டேன் என்கிறது: ஆழத்தில் புதைந்த வலி எரிமலையாய் வெடித்துக் கிளம்புகிறது. நானும் எழுதியிருக்கிறேன். ஐம்பது வருஷம் வாய் திறக்காத ஒரு பாட்டி கடைசியில் பேசும் குறுநாவலுக்கு. பரங்கிமலை ஏறிவிட்டு வந்த பிறகு அந்த வரி கூச்சமாக இருக்கிறது.

பரங்கிமலையும் பல்லாவரம் குன்றுகளும் சார்னோக்கைட். கருத்து, எண்ணெய் தடவினாற்போல் மினுங்கும் பாறை. பெயரே ஒரு கல்லறையிலிருந்து வந்தது: கல்கத்தாவில் ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல் இந்த வகை என்பதால், தாமஸ் ஹாலந்து 1893இல் அப்படிப் பெயரிட்டார். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், 20 கிலோமீட்டருக்கும் கீழே, 700 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் உருமாறியது.

அது எப்படி நம்ம செருப்புக்கு அடியில வந்துச்சு? வெடித்து அல்ல. மேலே இருந்தது போனதால். மழையும் ஆறும் மலையை அரிக்க அரிக்க, சரக்கு இறக்கிய தோணி தண்ணீரில் எழும்புவதுபோல் நிலம் மெல்ல உயர்கிறது. உயர்ந்ததை அரிப்பு மறுபடி தின்கிறது. நகம் வளரும் வேகம்கூட இல்லை.

வரும் வழியில் பாறை ஆறுகிறது, அழுத்தம் குறைகிறது. ஆழத்தில் உண்டான கனிமங்கள் மாறிப்போயிருக்க வேண்டும். ஆனா ஹைப்பர்ஸ்தீன் இன்னும் அப்படியே இருக்கு, பாறை வறண்டது என்பதால். நீர் புகுந்த விரிசல் ஓரங்களில் மட்டும் அது வேறு கனிமமாகிவிடுகிறது.

குறுநாவலை மறுபடி எடுத்து வாசித்தேன். பாட்டி வெடிக்கவே இல்லை. கணவர் சாகிறார், மகன் ஊரைவிட்டுப் போகிறான், வீடு கைமாறுகிறது. எல்லா பாரமும் இறங்கிய ஒரு சாயங்காலம், அரிசி புடைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொல்கிறாள். அந்த இறக்கங்களுக்குத்தான் ஆசிரியர் முப்பது பக்கம் கொடுத்திருந்தார். நான் அதை 'இழுவை' என்று எழுதியிருந்தேன். அவள் சொல்வதில் ஒரு வருஷம் பிசகுகிறது. அதையும் கவனக்குறைவு என்றேன். விரிசல் ஓரத்தில் நீர் பட்ட இடம் அது என்று தோன்றவில்லை. மற்றதெல்லாம் அட்சரம் பிசகாமல் இருந்ததையும் நான் கவனிக்கவில்லை.

எரிமலையை எதிர்பார்த்து வாசித்தவனுக்கு அரிப்பு சலிப்பாகத்தானே இருக்கும்? பிழை கதையில் இல்லை, நான் கொண்டுபோன உவமையில். இனி யாராவது 'வெடித்துக் கிளம்புகிறது' என்று எழுதும்முன் இதைக் கேட்டுக்கொள்ளலாம்: மேலே என்ன இருந்தது, அதை எது கொண்டுபோனது?