சட்டம் இருக்கிறது, துணை இல்லை

ராணுவத்தில் பதினைந்து, பதினேழு வருஷம் சர்வீஸ் முடித்து, காதுக் கோளாறோ முதுகுவலியோ ரத்த அழுத்தமோ வாங்கிக்கொண்டு ஒரத்தநாட்டுக்கோ பாபநாசத்துக்கோ திரும்பி வயல் பார்க்கிற ஒருவர், ‘டிசபிலிட்டி பென்ஷன்’ கேட்டுப் போராடினால் அவருக்குக் கிடைக்கும் சட்ட உதவி எந்த அளவுக்குப் பயன்படுகிறது?

சட்டத்தில் பெரிய குறையில்லை. படையில் சேரும்போது பதிவாகாத நோய் பின்னால் வந்தால் அது பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும், மறுப்பதானால் நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது என்று 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கின் தீர்ப்பு, சர்வீஸ் முடித்து ஓய்வு பெற்றவருக்கும் 20 சதவீத ஊனத்தை 50ஆக உயர்த்திக் கணக்கிடச் சொன்னது. முழு ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பது கணக்கு. ஆகவே 6 சதவீதமாக நிற்க வேண்டியது 15 சதவீதமாகிறது. மாதாமாதம், ஆயுள் முழுக்க.

அப்படியிருந்தும் ஏன் தோற்கிறார்கள்? வழக்கு நீதிமன்றத்துக்கு வரும் முன்பே ஒரு காகிதத்தில் முடிந்துபோகிறது. விடுவிப்பின்போது மருத்துவக் குழு நிரப்பும் ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-16 படிவம் அது. ‘பணியால் வந்ததும் அல்ல, பணியால் மோசமானதும் அல்ல’ என்று அதில் ஒரு வரி. அந்த வரிக்குக் காரணம் எழுதாவிட்டால் அது நிற்காது என்று 2025இல் ராஜுமோன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் ஊருக்குப் போகும் அவசரத்தில் கையெழுத்துப் போடும் சிப்பாய்க்கு அந்த வரியின் விலை தெரியாது. ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம் என்று அவர் அறிவதற்குள் வருஷங்கள் ஓடிவிடும். தாமதத்தை ஆயுதப்படைத் தீர்ப்பாயம் மன்னித்தாலும், 2008ஆம் வருஷத்து தர்சேம் சிங் தீர்ப்பைக் காட்டி நிலுவையை மனுவுக்கு முந்தைய 3 வருஷத்தோடு நிறுத்திய வழக்குகள் ஏராளம்.

எதிர்வாதமும் உண்டு. வாழ்க்கைமுறை நோய்க்கெல்லாம் பென்ஷனா என்று கேட்கிறார்கள். 21.9.2023 முதல் விடுபடுவோருக்குப் புதிய விதிகள் வந்ததன் பின்னணி இதுதான். கேள்வி நியாயமானதே. ஆனால் தணிக்கைத் துறையின் 2023 அறிக்கை, ஓய்வு பெறும் அதிகாரிகளில் இந்தப் பலனைப் பெறுவோர் விகிதம் சிப்பாய்களுடையதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு என்று காட்டுகிறது. பள்ளத்தில் ஓடி, பனியில் காவல் நின்றவர் உடம்பு அதிகாரியுடையதைவிடக் குறைவாகவா தேய்ந்திருக்கும்? காகிதம் தெரிந்தவருக்குக் கிடைக்கிறது என்பதே இதற்கு நான் காணும் விளக்கம்.

அந்தக் காகித அறிவை டெல்டாவில் யார் தருகிறார்கள்? மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் மனுவை அனுப்பித் தரும், வழக்காடாது. தீர்ப்பாயத்தின் கிளை சென்னையில். உழவன் எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் போய், வாய்தா வாங்கித் திரும்ப வேண்டும். தனியார் வக்கீலிடம் போனால், வெற்றி பெற்றால் இத்தனை பங்கு என்று பேசுவதை பார் கவுன்சில் விதி தடுக்கிறது. முன்பணம் இல்லாதவருக்கு வழியில்லை. அமெரிக்காவில் நிலுவையில் 20 சதவீதம் வரை வக்கீலுக்குக் கட்டணமாகத் தர சட்டமே இடமளிக்கிறது. அதை அப்படியே கொண்டுவருவதை நான் ஏற்கவில்லை. முதியவரின் நிலுவையில் கைவைக்க நம் ஊரில் தரகர்கள் பெருகிவிடுவார்கள்.

1987ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு மாற்றுத்திறனாளிக்கு இலவச வக்கீல் தருகிறது. 2025 ஜூலையில் தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் படைவீரர் நல அலுவலகங்களிலேயே சட்ட உதவி மையம் திறக்கும் திட்டத்தைத் தொடங்கியது. இடம் சரி. ஆனால் ஜாமீனும் விவாகரத்தும் பார்க்கும் வக்கீலை அங்கே உட்காரவைத்தால் மனு எழுதும் மேசையாக மட்டுமே அது இருக்கும். மருத்துவக் குழுவின் படிவத்தைப் படிக்கத் தெரிந்தவர் வேண்டும், தீர்ப்பாயம் திருச்சியில் வருஷத்துக்குச் சில முறையாவது அமர வேண்டும். அதுவரை இந்த ஏற்பாட்டை உதவி என்று என்னால் ஏற்க முடியாது.

விடுவிப்புப் புத்தகத்தோடு பெட்டியில் அந்தப் படிவமும் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் உங்கள் ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதி நகல் வாங்குங்கள். சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.