டொறதி வேட்ஸ்வேத்தின் நடை

ஆங்கிலக் கவிஞருள் நடந்து நடந்தே கவி செய்தவர் எனப் பெயர்பெற்றவர் வில்லியம் வேட்ஸ்வேத். அவரோடு பல்லாண்டு உடன் நடந்தவரும், சிலவேளை அவரின்றியே மலையேறியவருமாகிய தங்கை டொறதியை (1771–1855) நம் மாணவர் பெரும்பாலும் கவிஞர் வரலாற்றில் வரும் ஒரு பெயராகவே அறிவர். அவருடைய நாட்குறிப்புக்களிலே தமையனின் பாட்டுக்கு மூலந் தேடுவது திறனாய்வாளரிடையே நெடுங்காலம் நிலவிய வழக்கம். அவ்வழக்கம் அவருக்கு இழைக்கும் அநீதி ஒருபுறமிருக்க, உயர்ந்ததோர் உரைநடையை நம் கண்ணுக்கு மறைத்தும் விடுகின்றது என்பதே இக்கட்டுரையாளன் துணிபு. தமிழிலே நடை என்னுஞ் சொல் காலின் செயலையும் எழுத்தின் இயல்பையும் ஒருங்கே குறிக்கும். டொறதியைப் பொறுத்தவரை அஃது வெறுஞ் சொற்பொருத்தமன்று.

1794ஆம் ஆண்டிலே அவர் தமையனுடன் கெண்டலிலிருந்து கிராஸ்மியருக்குப் பதினெட்டு மைலும், பின்னர் அங்கிருந்து கெசிக்குக்குப் பதினைந்து மைலும் நடந்தார். நற்குடிப் பிறந்த பெண்ணொருத்தி நாடெங்குங் கால்நடையாய்த் திரிவதா எனத் தாய்மாமனின் மனைவி கடிந்தார். டொறதி விடுத்த மறுமொழி அடக்கமுடையது, ஆயினும் அசையாதது. இயற்கை தந்த வலிமையைப் பயன்படுத்தத் துணிந்தமைக்கு உற்றார் மகிழவேண்டும் என்றார். வாடகை வண்டியில் இருந்து செல்வதிலும் நடை மிக்க இன்பந் தந்தது என்றார். வண்டிக்கூலியில் முப்பது சிலிங்காவது மிஞ்சியது என்றுங் கணக்குக் காட்டினார். யேன் ஒஸ்ரினின் நாவலொன்றிலே (1813) எலிசபெத் பெனற் சேறுபடிந்த பாவாடையுடன் மூன்று மைல் நடந்து வந்ததைக் கண்டு பெரியவீட்டுப் பெண்கள் நகைத்ததைப் படித்தோர், அம்முப்பது சிலிங்குக் கணக்கிலே எத்துணைத் துணிவு அடங்கியிருந்தது என்பதை உணர்வர்.

இனி, யாவரும் அறிந்த டபொடில் பாட்டுக்கு வருவோம். அம்மலரைக் கண்ணாற் கண்டிராத நம் நாட்டுப் பிள்ளைகளுந் தலைமுறை தலைமுறையாக மனனஞ் செய்த பாட்டு அது. 1804இல் இயற்றப்பட்டு 1807இல் வெளிவந்தது. அதிற் பேசுபவர் ஒருவரே, அவருந் தனியர். ஆனால் 1802 ஏப்பிரில் 15ஆம் நாள் டொறதி எழுதிய குறிப்பைப் பாருங்கள். அல்ஸ்வாட்டர் ஏரியருகே கிளாக்சன் தம்பதியர் இல்லத்திலிருந்து அண்ணனும் தங்கையும் புறப்படுகின்றனர். திருமதி கதரீன் கிளாக்சன் சிறிது தூரம் உடன்வந்து திரும்பிவிடுகின்றார். காற்றோ மூச்சைத் திணறடிக்கின்றது. நீரோரத்திலே முதலிற் சில மலர்களே தெரிகின்றன. ஏரி விதைகளைக் கரையில் ஒதுக்கிற்றோ என இருவரும் எண்ணுகின்றனர். மேலும் நடக்க நடக்க மலர்கள் பெருகி, ஒரு தெருவின் அகலத்துக்குக் கரைநெடுகப் பரந்து கிடக்கின்றன. இரவு விடுதியில் உண்ட உருளைக்கிழங்கும் பன்றியிறைச்சியும், கொடுத்த ஏழு சிலிங்குங்கூடக் குறிப்பில் உள. (சைவ உணவினர் பொறுத்தருள்க.)

கவிஞரைப் பழித்தல் நம் நோக்கமன்று. தனிமை அப்பாட்டின் உயிர். அதனை மாற்றினாற் பாட்டே இல்லை. அப்பாட்டின் மிகச் சிறந்த இரண்டு அடிகள் மனைவி மேரி தந்தவை எனக் கவிஞரே ஒப்புக்கொண்டவர். ஆயினும் தனிமை பாட்டுக்கென ஆக்கிக்கொள்ளப்பட்டது. நிகழ்ந்தது கூட்டு நடை. அட்டை பிடிக்கும் முதியவரைப் பற்றிய பாட்டிலும் இதுவே கதை. பாட்டில் அவரை எதிர்ப்படுபவர் தனிவழிப்போக்கர். 1800 ஒக்டோபர் 3ஆம் நாட் குறிப்பிலோ கண்டவர் இருவர். நூறு அட்டை முன்னர் இரண்டரைச் சிலிங்கு, இப்பொழுது முப்பது சிலிங்கு என விலையேற்றத்தையும் டொறதி கேட்டெழுதுகின்றார். வழியிற் கண்ட மனிதன் ஒருவனைத் தத்துவமாக்குமுன் அவன் வயிற்றுப்பாட்டை விசாரிக்கும் எழுத்து இது.

டொறதியின் குறிப்புக்களை மொழிபெயர்க்கப் புகும் தமிழன் ஓர் இடர்ப்பாட்டை எதிர்கொள்வான். ஆங்கிலத்திலே தன்மைப் பன்மை ஒன்றே. நமக்கோ ‘நாங்கள்’ உண்டு, ‘நாம்’ உண்டு. இலக்கணப்படி அண்ணனும் தங்கையும் என்ற பொருளில் ‘நாங்கள்’ என்றே பெயர்க்கவேண்டும். ஆனாற் சில பக்கம் சென்றதும் பேனா தானே ‘நாம்’ என்று எழுதப் பார்க்கின்றது. வாசிப்பவரையும் வழியிற் சேர்த்துக்கொள்ளும் எழுத்து அது. இதற்கு அகச்சான்றும் உண்டு. 1803இல் வில்லியத்துடனும், முதல் இரு வாரம் கோல்றிஜ்ஜுடனும் ஸ்கொத்லாந்திலே ஆறு வாரம் திரிந்த பயணத்தை அவர் எழுதியது, உடன்வந்திருக்கவேண்டிய சில நண்பர்க்காகவே. இதனைக் கதரீன் கிளாக்சனுக்கு வரைந்த கடிதத்தில் அவரே கூறினார். ஏரிக்கரையிற் சிறிது தூரம் வந்து திரும்பிய அப்பெண்மணியே அவர். அந்நூல் 1874இல், ஆசிரியர் மறைந்து பத்தொன்பது ஆண்டின் பின்னரே அச்சேறியது. விடுதிகளின் நிறைகுறைகளைச் சிற்சில இடங்களில் அளவுக்கு மீறி விரித்துரைக்கின்றார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

டொறதியின் எழுத்தைத் தமையனின் நிழலிலிருந்து பிரித்துப் பார்க்க விரும்புவோர் 1818 ஒக்டோபர் 7ஆம் நாள் நடையையே முதலிற் படிக்கவேண்டும். அன்று கவிஞர் உடனில்லை. நாற்பத்தாறு வயதினரான டொறதியும் தோழி மேரி பாக்கரும் புறப்பட்டனர். பணிப்பெண் ஒருத்தி, சுமையாள் ஒருவன், வழிகாட்டியாக ஓர் இடையர் உடன்சென்றனர். எண்ணியது எஸ்க் ஹோஸ் என்னும் மலைமுகடு வரையே. அங்கு நின்றதும் ஆசை மேலும் ஏறியது. இங்கிலாந்தின் மிகவுயர்ந்த சிகரமாகிய, ஏறத்தாழ 3,200 அடி உயரமுள்ள ஸ்காபெல் பைக்கின் உச்சியை அடைந்துவிட்டனர். ஆங்கே காற்றில்லை. பேச்சை நிறுத்திச் செவிகொடுத்தாற் பூச்சியின் ஒலிதானும் இல்லை. இவ்வமைதியை டொறதி எழுதும்போது வாக்கியங்களும் மெல்லக் குறுகி மூச்சடக்குகின்றன.

பின்னர் வருவது நகை. தொலைவிற் கடல்மீது கப்பலொன்று தெரிகின்றது. கப்பல்தானா என இடையர் ஐயுறுகின்றார். கடலிற் கப்பல் கண்டு பழகிய கண் தமது எனத் தோழி உறுதி கூறுகின்றார். இடையர் வாதாடவில்லை. ஒரு நிமிடங் கழிய, உங்கள் கப்பலை இப்பொழுது பாருங்கள், குதிரையாகிவிட்டது என அமைதியாகச் சொல்கின்றார். மேகம்! இருவரும் வாய்விட்டுச் சிரிக்கின்றனர். கற்றறிந்த பெண்டிரை மலைநாட்டு இடையர் மடக்கிய இக்கதையை மறைக்காது, அதனையே நடையின் இன்பங்களுள் ஒன்றாக வைத்தார் டொறதி. உயர்ந்த மலையையும் ஓர் அசட்டுத் தவற்றையும் ஒரே பக்கத்தில் ஒன்றையொன்று கெடுக்காமல் வைக்கும் ஆற்றல் தமையனுக்கு வாய்க்கவில்லை எனத் துணிந்து கூறலாம்.

நண்பர் ஒருவருக்குக் கடிதமாக எழுதப்பட்ட இவ்வுரையை வில்லியம் 1822இல் வெளியிட்ட தம் ஏரிநாட்டு வழிகாட்டி நூலிற் சேர்த்துக்கொண்டார். எழுதியவர் பெயர் அங்கில்லை. கவிஞரே ஏறியெழுதினார் என வாசகர் கருதுவதற்கு இடமாயிற்று. நூலாசிரியராகத் தம்மை நிறுத்துவதை டொறதி வெறுத்தார் என்பது உண்மையே. 1810இல் எழுதிய கடிதமொன்றில் அவ்வாறு கூறியுள்ளார். புகழ் வேண்டாமென்பது ஒன்று. தம் நடை பிறர் கணக்கில் ஏறுவது மற்றொன்று. முதலாவதைக் காட்டி இரண்டாவதை நியாயப்படுத்தல் பொருந்தாது.

1822இல் யோவானா ஹச்சின்சன் என்னுந் தோழியுடன் மீண்டும் ஸ்கொத்லாந்து சென்றுவந்தார், அதற்கும் குறிப்புண்டு. 1829இல் நோய் பற்றியது. பின்னர் இறுதி இருபதாண்டு ரைடல் மவுண்ட் இல்லத்தோடே அடங்கிவிட்டார். 1832இல், நோய்ப்படுக்கையிலிருந்து இயற்றிய பாட்டொன்று கிடைத்துள்ளது. வசந்தத்தின் முதன்மலர்களை அன்பர் அறைக்குக் கொண்டுவர, நடந்த வழிகள் யாவும் அவருக்கு மீள்கின்றன. டபொடிலும் அங்கு வருகின்றது. பழைய உலாக்களைக் கூறுமிடத்தே ஒருமை மாறிப் பன்மை வந்துவிடுகின்றது.