மூன்று லைஃப் காண்ட்ரா

காண்ட்ரா வீடியோ கேமை ஆடியவர்கள் யாரைக் கேட்டாலும் முதலில் வருவது முப்பது லைஃப் பேச்சுதான். மேலே மேலே, கீழே கீழே, இடது வலது, இடது வலது, பி, ஏ, பிறகு ஸ்டார்ட். 1986இல் கிரேடியஸ் ஆட்டத்தை ஃபேமிகாம் கன்சோலுக்குக் கொண்டுவந்த கசுஹிசா ஹஷிமோட்டோ, சோதித்துப் பார்க்கையில் அது தனக்கே பிடிபடாததால் போட்டுக்கொண்ட குறுக்குவழி அது. ஆட்டத்தோடு சேர்ந்து கடைக்கும் வந்துவிட்டது. 1988இல் காண்ட்ராவின் வீட்டுப் பதிப்பில் அதே வரிசைக்கு முப்பது லைஃப். நம் ஊரில் அந்த வரிசை தெரியாத பிள்ளைகளுக்கும் குறையில்லை. டிவியில் மாட்டும் நகல் பெட்டிகளோடு வந்த கேசட்டுகளில் முப்பது லைஃபோடு தொடங்கும் காண்ட்ரா, நடு ஸ்டேஜிலிருந்து தொடங்கும் காண்ட்ரா என்று ஒரே ஆட்டம் பல பெயர்களில் பட்டியலை நிறைத்தது. போதாததற்கு, விரலை எடுக்காமல் சுட டர்போ பட்டன் வேறு.

ஆக, இன்று நாம் ஏங்குவது கட்டுத் தளர்ந்த ஒரு காண்ட்ராவுக்காக. இதை உருவாக்கிய கொனாமி நிறுவனம் செய்தது மூன்று லைஃப் ஆட்டம். அதை அப்படியே ஆடிப் பார்த்தால்தான் அதன் வேலைப்பாடு தெரிகிறது.

ஒரு தோட்டா பட்டால் சாவு. ரத்த அளவு காட்டும் கோடு கிடையாது. ஆனால் எதிரியின் தோட்டா பெரும்பாலும் கண்ணால் தொடர முடிகிற வேகத்தில்தான் வரும். அது வருவதைப் பார்க்கலாம், படுக்கலாம், குட்டிக்கரணம் போட்டுத் தாண்டலாம், அந்தரத்திலேயே திசையை மாற்றலாம். முதல் ஸ்டேஜின் தண்ணீரில் கீழ்ப் பட்டனை அழுத்தினால் ஆள் முங்கிவிடுவான். எதுவும் படாது, சுடவும் முடியாது. ஒளிவதற்கும் அடிப்பதற்கும் நடுவே ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்பதை ஒரு வரி விளக்கமும் இல்லாமல் சொல்லிவிடுகிறார்கள். செத்தால் ஏன் செத்தோம் என்பது திரையிலேயே இருக்கும். திட்டுவதற்கு நம்மைத் தவிர வேறு ஆள் கிடைக்காது.

துப்பாக்கிகளில்தான் உண்மையான ருசி. ஐந்து தோட்டாக்களை விசிறியாக விரிக்கும் எஸ் கன்னை எல்லோரும் கொண்டாடுகிறோம், சரி. என் வாக்கு லேசருக்கு. முதல் கதிர் போய்ச் சேருமுன் மறுபடி அழுத்தினால் அது பாதியில் அறுந்து புதிது கிளம்பும். பதற்றக்காரனுக்கு அது உதவாத துப்பாக்கி, பொறுமைசாலிக்குப் பெரிய ஆயுதம். டர்போ பட்டனோடு வளர்ந்த நாம் லேசரை மட்டமாகப் பேசியதில் வியப்பில்லை. செத்தால் கையிலிருக்கும் துப்பாக்கி போய், ஆரம்பத் துப்பாக்கி வந்துவிடும். முப்பது லைஃபில் அது ஒரு சலிப்பு. மூன்றில், எஸ் கையில் இருக்கிறவரை ஒவ்வொரு அடியும் கணக்கு.

இருவர் ஆடினால் அருவி ஸ்டேஜ் சிநேகிதத்துக்கே சோதனை. திரை மேலே மட்டுமே நகரும். முந்தி ஏறுகிறவன், பின்தங்கியவனைத் திரைக்குக் கீழே விட்டுக் கொன்றுவிடுவான். லைஃப் தீர்ந்தவன் கூட்டாளியின் கையிருப்பிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளவும் வழி உண்டு. கேட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று ஆட்டத்தில் எந்த விதியும் இல்லை!

இத்தனையும் அமெரிக்கப் பதிப்பில் 128 கிலோபைட்டுக்குள் அடங்கியது. அது ஓடிய கன்சோல் ஒரு கிடைக்கோட்டில் எட்டு உருவத் துண்டுகளைத்தான் காட்டும். அதற்குமேல் சேர்ந்தால் தோட்டாக்கள் மினுங்கி மறையும். பழைய குழாய் டிவியில் உறுத்தாத அந்த மினுக்கம் இன்றைய தட்டைத் திரையில் கண்ணைக் குத்துகிறது. சில டிவிகள் படத்தைத் தாமதமாகக் காட்டுவதால் தாண்டுவதும் ஒரு கணம் பிந்துகிறது. பழியைத் திரையின்மேல் போடலாம். ஜப்பானியப் பதிப்பில் கூடுதல் சில்லு இருந்ததால் காட்டில் இலைகள் அசையும், பனிவெளியில் பனி வீசும். 2019இல் வந்த காண்ட்ரா ஆனிவர்சரி கலெக்ஷனில் அதையும் சேர்த்திருக்கிறார்கள். பார்க்க அழகு, ஆடும்போது இலையைப் பார்க்க நேரமிருக்காது.

எல்லாமே தேறுகிறது என்று சொல்ல மாட்டேன். முதுகுக்குப் பின்னாலிருந்து பார்க்கும் இரண்டு கோட்டை ஸ்டேஜ்களும் அன்று வியப்பு, இன்று வேலை. மூல ஆர்கேட் பதிப்பில் நீளமாகக் கிடந்த கடைசிப் பகுதியை வீட்டுப் பதிப்பில் பனிவெளி, நெருப்புக் குழாய்கள், கிடங்கு என்று வளர்த்துப் பிரித்தது நல்ல முடிவு. ஆனால் எல்லாம் கடந்து போய்ச் சேரும் கடைசி எதிரியான இதயம், எஸ் கன் இருந்தால் சப்பென்று முடிந்துவிடும்.

1997இல் நின்டெண்டோ 64இல் ரேர் நிறுவனம் தந்த கோல்டன்ஐ ஆட்டத்தை, இன்றும் எது தேறுகிறது என்று அறிய, காண்ட்ராவின் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். திரையை நான்காகப் பிளந்து நாலு பேர் சுட்டுக்கொண்ட கொண்டாட்டம் அது. வரலாற்றில் அதன் இடத்தை யாரும் பறிக்க முடியாது. இன்று எடுத்தால் கை தடுமாறுகிறது. ஒரே குச்சியால் நடந்து, அதே குச்சியால் திரும்ப வேண்டும். வெடிகள் கூடினால் படம் திக்கும். 2001இல் ஹேலோ ஆட்டம் வந்து இரண்டு குச்சிக்கு விரல்களைப் பழக்கிவிட்ட பின், 2023இல் கோல்டன்ஐ மறுபடி வந்தபோது அதன் பழைய கைப்பழக்கத்தை நாம்தான் திரும்பக் கற்க வேண்டியிருந்தது. காண்ட்ராவில் மறுபடி கற்க ஒன்றுமில்லை: எட்டுத் திசை, இரண்டு பட்டன்.

2024இல் வந்த புதிய காண்ட்ராவான ஆபரேஷன் கலுகா, ஒரு தோட்டாவிலேயே சாகாமல் ஆடவும் இடம் தருகிறது. தேவைப்படுகிறவர்கள் எடுத்துக்கொள்ளட்டும், முப்பது லைஃப் வாங்கி வளர்ந்த நமக்கு அதைக் குறைசொல்ல உரிமையில்லை. பழையதை ஆடப்போகிறவர்களுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள்: ஒருமுறை அந்த வரிசையை அழுத்தாமல், நேராக ஸ்டார்ட் அழுத்திப் பாருங்கள். அருவிவரை போனாலே நல்ல ஆட்டம்தான்.