சாயம் படாத இடம்

பழைய மிஷின் ஒன்றைப் பழுது பார்த்துப் புதுச் சாயம் அடித்து வைத்திருந்தால் எல்லாரும் நிறத்தைப் பார்ப்பார்கள். நான் துளைகளைப் பார்ப்பேன். இரண்டு கோட் எனாமல் அடித்தால் பளபளப்பு யாருக்கும் வந்துவிடும். போல்ட் துளையின் விளிம்பில் சாயம் எங்கே வந்து நிற்கிறது, மரைக்குள் ஒரு சொட்டாவது இறங்கியிருக்கிறதா, எண்ணெய் விடும் துளை திறந்திருக்கிறதா என்பதில்தான் கைவேலை தெரியும்.

மலேசியாவில், பேராக் மாநிலத்தின் பாரிட் புந்தார் வட்டாரத்தில் இப்படிப் பார்த்து ரசிக்கப் பழைய இரும்புக்குப் பஞ்சமில்லை. அது இருக்கும் கிரியான் மாவட்டத்தில் முதலில் இருந்தது கரும்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் ஆட்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்திறங்கியது அந்தத் தோட்டங்களில்தான். பிறகு ரப்பர் வந்தது. 1906-இல் புக்கிட் மேரா நீர்த்தேக்கத்தோடு கிரியான் பாசனத் திட்டம் முடிந்த பிறகு நெல் வயல்கள் பரந்தன. கரும்பாலை, ரப்பர் ஸ்டோர், அரிசி ஆலை மூன்றுக்கும் மிஷின் வேண்டும். மிஷினுக்குப் பட்டறை வேண்டும். அந்தக் காலத்து இரும்பில் இன்றைக்கும் கண்ணில் படுவது, கையால் சுற்றும் ரப்பர் உருளை மிஷின். ஆசிட் விட்டு உறைய வைத்த பாலை வெற்று உருளையில் விட்டு மெல்லிசாக்கி, வரி வெட்டிய உருளையில் விட்டுக் கோடு போட்டு, புகைக்கூடத்தில் தொங்கவிடுவார்கள். இப்போது அந்த மிஷின்கள் உணவகங்களின் வாசலிலும் வீட்டு முற்றத்திலும் சிவப்பாகவும் பச்சையாகவும் நிற்கின்றன.

அப்படி நிற்கிற மிஷின் ஒன்றின் அருகில் போய்க் குனிந்து பாருங்கள். உருளையின் முனைகளைத் தாங்கும் கட்டையின் தலையில் சுண்டு விரல் நுனிகூட நுழையாத சிறு துளை இருக்கும். எண்ணெய் விடும் வழி அதுதான். பெரும்பாலும் அந்த இடத்தில் லேசான ஒரு குழி மட்டும் தெரியும். பல வருடங்களாகக் கோட்டின் மேல் கோட்டாகச் சாயம் அடித்து அடித்து, துளை தூர்ந்து போயிருக்கும். மேலே இருக்கும் அழுத்தத் திருகின் மரையிலும் சாயம் இறங்கி இறுகியிருக்கும். எண்ணெய் போகாத உருளை, அழுத்தம் மாற்ற முடியாத திருகு என்றால் அது மிஷின் இல்லை, சிலை. அதனால்தான், சாயம் இறங்காதபடி முன்கூட்டியே துளை அடைக்கிற வேலையை நான் இவ்வளவு மதிக்கிறேன். மிஷின் மறுபடி ஓடும் என்று நம்புகிறவன் மட்டுமே அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்வான். காது குத்திய பிள்ளைக்குத் துளை தூர்ந்துவிடாமல் வேப்பங்குச்சி செருகி வைப்பார்களே, அதே கரிசனம்.

ஒவ்வொரு துளைக்கும் ஒவ்வொரு அடைப்பு. எண்ணெய்த் துளைக்குக் கூர் சீவிய மூங்கில் குச்சி போதும். கொஞ்சம் பெரிய துளை என்றால், இரைச்சலுக்குக் காதில் செருகும் பஞ்சுத் தக்கையை விரலில் உருட்டி உள்ளே விட்டால் அதுவே விரிந்து பிடித்துக்கொள்ளும். மரை உள்ள துளைக்கு அதே அளவில் ஒரு பழைய திருகுதான் சரி. தலையில்லாத திருகாக இருந்தால் மேல்மட்டத்துக்கு ஒரு மயிரிழை கீழே நிறுத்த வேண்டும். மட்டத்துக்குச் சமமாக நின்றால் சாயம் இரண்டையும் சேர்த்துப் பாலம் போட்டுவிடும், திருகைக் கழற்றும்போது விளிம்பில் செதிலாகப் பெயரும். திருகு எளிதில் கழலட்டும் என்று கிரீஸைத் தாராளமாகப் பூசுகிறவர்களும் உண்டு. அது விளிம்புக்கு வழிந்தால் அந்த இடத்தில் சாயம் பிடிக்காமல் மீன்கண் மாதிரி விலகி நிற்கும்.

பெரிய வட்டத் துளைக்கு ஒட்டும் டேப். இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த காட்சி அதுதான். துளையின் மேல் டேப்பைக் குறுக்காக ஒட்டிவிட்டு, உருண்டை முகம் கொண்ட சிறு சுத்தியலால் விளிம்பைச் சுற்றி மெல்லத் தட்டிக்கொண்டே வருவார்கள். கடைந்தெடுத்த இரும்பின் கூர்விளிம்பே டேப்பை வெட்டிவிடும். கத்தி வேண்டாம், அளவும் வேண்டாம். வெளியே மிஞ்சிய டேப்பை உரித்தால், துளையை மட்டும் மூடியபடி துல்லியமான ஒரு வட்டம் மிஞ்சும். சாயம் அடிப்பவர்களுக்காகவே இந்த டேப்பை 1925-இல் செய்து கொடுத்தவர் அமெரிக்காவில் த்ரீ எம் நிறுவனத்தில் வேலை செய்த ரிச்சர்ட் ட்ரூ. இரட்டை நிறக் கார்களுக்குச் சாயம் அடித்தவர்கள், ஒட்டியதைப் பிரிக்கும்போது புதுச் சாயமும் கூடவே உரிந்து வந்ததைப் பார்த்துத்தான் அவர் அதில் இறங்கினார்.

முதலில் சாயத்தை அடித்துவிட்டுப் பிறகு துளையைச் சுத்தம் செய்தால் ஆகாதா என்று கேட்கலாம். ஆகாது என்பதுதான் என் கட்சி. இங்குள்ள பழைய மிஷின்களில் பல பிரிட்டிஷ்காரர் காலத்தவை. அவற்றின் மரை, ஜோசப் விட்வொர்த் 1841-இல் வகுத்த முறை. கால் அங்குலத் திருகில் அங்குலத்துக்கு 20 மரை, கோணம் 55 பாகை. இன்று கடையில் எளிதில் கிடைப்பது மெட்ரிக். 6 மில்லிமீட்டர் திருகில் மரைக்கு மரை 1 மில்லிமீட்டர், கோணம் 60 பாகை. சாயத்தை எடுக்கிறேன் என்று கையில் அகப்பட்ட கருவியை உள்ளே விட்டுத் திருகினால், சாயத்தோடு மரையும் போய்விடும். நூறு வருடம் தாங்கிய மரையை ஒரு நிமிடத்தில் அழித்த பாவம் நமக்கு எதற்கு?

லேத்தில் இது இன்னும் கண்டிப்பு. பாகங்களை இடம் மாறாமல் நிறுத்தும் பின் துளைகளும் அவற்றைச் சுற்றிய கடைந்த முகமும் சாயமே அறியக் கூடாது. அடிக்கோட்டோடு சேர்த்து இரண்டு மூன்று கோட் காய்ந்தால் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை எட்டிவிடும். லேத்தின் நேர்மட்டத்தைப் பார்ப்பதோ நூறில் ஒரு பங்கு, இரண்டு பங்கு அளவில். வாசல் மிஷினில் மன்னிக்கக்கூடிய பிசகு இங்கே வேலையையே கெடுத்துவிடும்.

அடைப்பை எடுக்கிற நேரத்துக்கும் ஒரு பக்குவம் உண்டு. சாயம் ஈரமாக இருக்கும்போது எடுத்தால் நூலாக இழுபடும். கல்லாக இறுகிய பிறகு எடுத்தால் விளிம்பு உடையும். தொட்டால் விரலில் ஒட்டாமல், நகம் வைத்தால் பதியும் பதத்தில் எடுக்க வேண்டும். நம் ஊர் வெக்கைக்கு டேப்பை நாள் கணக்கில் விட்டால் பசை இரும்பிலேயே தங்கிவிடும். காகிதத்தைச் சுருட்டி அடைத்தால் அது மழைக்கால ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு, நாம் காப்பாற்ற நினைத்த துளைக்கே துரு ஏற்றிவிடும். எடுத்தவுடன் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுவிட வேண்டும்.

எல்லா மிஷினுக்கும் இவ்வளவு வேண்டும் என்று சொல்ல மாட்டேன். 1938-இல் கட்டப்பட்டு 1982 வரை வெள்ளீயம் தோண்டிய தஞ்சோங் துவாலாங் ஐந்தாம் எண் மிதவை பத்து காஜா அருகே காட்சிக்கு நிற்கிறது. அது இனித் தோண்டப் போவதில்லை. துரு அண்டாமல் முழுக்கச் சாயம் பூசிக் காப்பதே அதற்குச் செய்யும் மரியாதை. ஆனால் ரப்பர் உருளையும் கை டிரில்லும் வைஸும் அப்படியல்ல. அவை இன்னும் சுற்றும்.

உங்கள் வீட்டிலும் தாத்தா சுற்றிய மிஷின் ஒன்று கிடக்கலாம். சாயம் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன், மண்ணெண்ணெயும் ஒரு கூர்மையான குச்சியும் எடுத்துக்கொண்டு அதன் எண்ணெய்த் துளைகளைத் தேடிக் கண்டுபிடியுங்கள். ஒவ்வொன்றையும் திறந்து, உருளையைச் சுற்றிப் பாருங்கள். நிறத்தை அதற்குப் பிறகு முடிவு செய்துகொள்ளலாம்.