எட்டு வகையை ஒப்பித்தால் ஆங்கிலம் வருமா?

நாவலூரிலிருந்து சிறுசேரி, கேளம்பாக்கம் வரை ஓஎம்ஆர் நெடுக ஐடி நிறுவனங்களை நம்பி வந்து தங்கியிருக்கும் பட்டதாரிகள் ஏராளம். அவர்களை நம்பி நடக்கும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளும் அப்படியே. அந்த வகுப்புகளின் ஆரம்பப் பாடம் பெரும்பாலும் பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச். நவுன் என்பது பெயர், வெர்ப் என்பது செயல், அட்ஜெக்டிவ் என்பது பண்பு என்று எட்டு வகையும் எட்டு இலக்கணமும் மனப்பாடமாகும். தொடக்கப் பள்ளியின் சுவர் அட்டையிலும் இதே எட்டுக் கட்டங்கள்தான். பள்ளிகள் இலக்கணத்தைக் கைவிட்டதால்தான் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் நாலு வரி சேர்ந்தாற்போல் எழுத வரவில்லை, ஆகவே எட்டு வகையிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும் என்ற வாதம் இப்போது பலமாகக் கேட்கிறது. இந்த வாதம் நோயைச் சரியாகப் பார்க்கிறது, மருந்தைத் தவறாகச் சொல்கிறது என்பது என் கருத்து.

சொல்வகைப் பெயர்கள் தேவை என்பதை மறுக்கவில்லை. அவை இல்லாமல் ஆசிரியர் ஒரு பிழையைச் சுட்டிக்காட்டவே முடியாது. அகராதியைப் புரட்டவும் முடியாது. எட்டு என்ற எண்ணிக்கை கிரேக்க இலக்கணத்திலிருந்து லத்தீன் வழியாக வந்தது. கிரேக்கத்தில் இருந்த ஆர்ட்டிகிள் லத்தீனில் இல்லாததால், அங்கே இன்டர்ஜெக்‌ஷன் தனி வகையாகி எண்ணிக்கை எட்டாகவே நின்றது. 1795-இல் ஆங்கில இலக்கணம் எழுதிய லிண்ட்லி மர்ரே ஆர்ட்டிகிளையும் சேர்த்து ஒன்பது என்றார். எட்டா ஒன்பதா என்பதில் எனக்கு வழக்கு இல்லை. ஒரு சொல் எந்த வகை என்று கண்டுபிடிக்க மாணவர் கையில் கொடுக்கும் அளவுகோலில்தான் வழக்கு.

அந்த அளவுகோல் பொருள். செயலைச் சொன்னால் வெர்ப், பெயரைச் சொன்னால் நவுன். அப்படியென்றால் அரைவல், டிபார்ச்சர், டிஸ்கஷன் எல்லாம் செயல்கள்தானே, அவை ஏன் நவுன்? பிலாங், ரிசெம்பிள், நோ ஆகியவற்றில் யாரும் எதையும் செய்வதில்லையே, அவை ஏன் வெர்ப்? 'ரவுண்ட்' என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். நேர்முகத் தேர்வின் 'ஃபர்ஸ்ட் ரவுண்ட்' என்னும்போது நவுன். 'ரவுண்ட் டேபிள்' என்னும்போது அட்ஜெக்டிவ். பேருந்து முனையில் திரும்பியதை 'தி பஸ் ரவுண்டட் தி கார்னர்' என்றால் வெர்ப். மேசையைச் சுற்றி உட்கார்ந்ததை 'வி சாட் ரவுண்ட் தி டேபிள்' என்றால் ப்ரெபொசிஷன். 'ஷி டர்ன்ட் ரவுண்ட்' என்றால் அட்வெர்ப். வட்டம், சுற்று என்ற பொருள் ஐந்திலும் இழையோடுகிறது. வகை ஐந்து முறை மாறுகிறது. ஆங்கிலத்தில் சொல்லின் வகையைக் காட்டுவது அது நிற்கும் இடமும் அது ஏற்கும் விகுதியும். தனியாக நிற்கும் சொல்லுக்குப் பொருளைப் பார்த்து முத்திரை குத்தும் பயிற்சி இந்த அடிப்படையையே மறைத்துவிடுகிறது.

தமிழ் மாணவருக்கு இதில் கூடுதல் அநியாயம் ஒன்று நடக்கிறது. தொல்காப்பியம் வினையைச் செயல் என்று சொல்லிவிட்டு நிற்கவில்லை; வேற்றுமை ஏற்காது, காலம் காட்டும் என்று அதன் நடத்தையை வைத்து வரையறுக்கிறது. பெயர் காலம் காட்டாது என்றும், அதற்கு எங்கே விலக்கு என்றும் சொல்கிறது. தமிழ் வகுப்பில் ஓட்டம், வருதல் ஆகியவை தொழிற்பெயர் என்று படித்த பிள்ளைக்கு, செயலைக் குறிக்கும் சொல் பெயராகவும் இருக்கும் என்பது முன்பே தெரியும். அடுத்த மணி அடித்து ஆங்கில ஆசிரியர் உள்ளே வந்ததும், செயல் என்றால் வெர்ப் என்று அந்தத் தெளிவு கலைக்கப்படுகிறது. கையில் இருந்த கூர்மையான கருவியைப் பிடுங்கிக்கொண்டு மழுங்கியதைக் கொடுக்கிறோம்.

இதன் விளைவை அன்றாடப் பேச்சிலேயே பார்க்கலாம். தமிழ்ப் பேச்சுக்குள் வரும் ஆங்கிலச் சொல்லுக்குப் பின்னால் 'பண்ணு' அல்லது 'ஆகு' சேர்த்துவிட்டால் போதும். 'டிஸ்கஸ் பண்ணலாம்' என்றாலும் 'டிஸ்கஷன் பண்ணலாம்' என்றாலும் நமக்கு ஒன்றுதான். 'டென்ஷன் ஆயிட்டான்', 'ஃபெயில் ஆயிட்டான்', 'சக்சஸ் ஆயிடுச்சு', 'லாஸ் ஆயிடுச்சு' எல்லாம் ஒரே அச்சு. உள்ளே இருக்கும் சொல் நவுனா வெர்பா என்று தெரிந்துகொள்ள வேண்டிய கட்டாயம் பேசுபவருக்கு வருவதே இல்லை. தமிழ் வினை அந்தச் சுமையை ஏற்றுக்கொள்கிறது. இது தமிழின் வலிமை, குறை அல்ல. ஆனால் அதே மாணவர் ஆங்கிலத்தில் வாய் திறக்கும்போது 'பண்ணு' கழன்று விழுகிறது. சொல் மட்டும் மிஞ்சுகிறது. 'ஐ ஆம் வெரி டென்ஷன்', 'மை இன்டர்வியூ வாஸ் சக்சஸ்', 'ஐ லாஸ் மை ஃபோன்' என்ற வாக்கியங்கள் இப்படித்தான் பிறக்கின்றன. இவை ஒவ்வொன்றும் சொல்வகைப் பிழை. டென்ஸ் நிற்க வேண்டிய இடத்தில் டென்ஷன், சக்சஸ்ஃபுல் நிற்க வேண்டிய இடத்தில் சக்சஸ், லாஸ்ட் நிற்க வேண்டிய இடத்தில் லாஸ். எட்டு இலக்கணத்தையும் பிசகாமல் ஒப்பிக்கும் மாணவரும் இதே பிழையைச் செய்கிறார். லாஸ் என்பது இழக்கும் செயல்தானே, அப்போது அது வெர்ப்தானே என்று அவர் கற்ற விதியே அவரைத் தவறான பக்கம் தள்ளுகிறது.

ரென் அண்ட் மார்ட்டினைப் படித்த தலைமுறை நன்றாக எழுதியதே என்று கேட்பார்கள். 1930களில் வந்த அந்தப் புத்தகம், வாக்கியத்தில் செய்யும் வேலையை வைத்தே சொல் வகைப்படும் என்றும், வாக்கியத்தில் பார்க்காமல் ஒரு சொல்லின் வகையைச் சொல்ல முடியாது என்றும் தெளிவாகவே சொல்கிறது. ஒரே சொல் பல வகையாக வருவதற்குப் பட்டியலும் தருகிறது. நம் வகுப்பறை அதன் வரையறைகளை எடுத்துக்கொண்டு இந்த எச்சரிக்கையை விட்டுவிட்டது. அந்தத் தலைமுறையின் ஆங்கிலத்துக்கு, மற்ற பாடங்களையும் ஆங்கிலத்தில் படித்ததும் நாள்தோறும் பக்கம் பக்கமாக எழுதியதும் காரணமாக இருந்திருக்க முடியாதா? பெருமை முழுவதையும் எட்டு வரையறைகளுக்குக் கொடுப்பதற்கு ஆதாரம் எங்கே?

இன்னொரு மறுப்பு கனமானது. சார்ல்ஸ் ஃப்ரீஸ் 1952-இல், பதிவு செய்த தொலைபேசி உரையாடல்களை வைத்து, எந்த இடத்தில் எந்தச் சொல் பொருந்துகிறது என்பதைக் கொண்டே ஆங்கிலச் சொற்களை வகைப்படுத்தினார். எது பொருந்தும் என்று சொல்ல ஆங்கிலம் தாய்மொழியாக இருக்க வேண்டுமே, நம் பிள்ளைக்கு அந்தச் செவி ஏது என்பது கேள்வி. முழுச் செவி தேவையில்லை. நம் பிள்ளைக்கு ஏற்கெனவே பழகிய வாக்கியங்கள் போதும். 'மை' என்ற சொல்லுக்குப் பின் ஓர் இடம், 'ஐ' என்பதற்கும் 'இட் யெஸ்டர்டே' என்பதற்கும் நடுவே ஓர் இடம், 'ஷி இஸ் வெரி' என்பதற்குப் பின் ஓர் இடம். லாஸ் முதலாவதில் உட்காரும், லாஸ்ட் இரண்டாவதில், டென்ஸ் மூன்றாவதில். சந்தேகம் வந்தால் அகராதியின் எடுத்துக்காட்டு வாக்கியம் தீர்த்துவைக்கும். மதராஸ் மாநிலத்தில் 1950களில் பரவிய ஸ்ட்ரக்சுரல் முறை வாக்கிய அமைப்பிலிருந்து தொடங்கியதுதான். அது வெறும் கிளிப்பிள்ளைப் பயிற்சியாகத் தேய்ந்தது உண்மை. அதனால் அதன் அடிப்படை பொய்யாகிவிடாது. 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் தமிழ்நாட்டிலும் சில பள்ளிகளில் என். எஸ். பிரபு நடத்திய திட்டம் இலக்கணப் பாடமே இல்லாமல் செயல்பாடுகள் வழியாகக் கற்பித்தது. அவ்வளவு தூரம் போகச் சொல்லவில்லை. சொல்வகையைக் கற்பிக்கட்டும், வாக்கியத்துக்குள் வைத்துக் கற்பிக்கட்டும்.

இது மதிப்பெண்ணுக்கு உதவாது என்பார்கள் பயிற்சி வகுப்புக்காரர்கள். கேள்வி மாறினால் உதவும். அடிக்கோடிட்ட சொல்லின் வகை என்ன என்று கேட்பதற்குப் பதிலாக, சக்சஸ், சக்சீட், சக்சஸ்ஃபுல், சக்சஸ்ஃபுல்லி என்ற நான்கையும் கொடுத்து நான்கு வாக்கியங்களில் பொருத்தச் சொல்லலாம். பொருத்திய பிறகு ஒவ்வொன்றும் என்ன வகை, அந்த இடத்தில் மற்றது ஏன் நிற்காது என்று எழுதச் சொல்லலாம். வகையின் பெயருக்கு ஒரு மதிப்பெண், காரணத்துக்கு இரண்டு. பாடப்புத்தகமும் சுவர் அட்டையும் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஓர் ஆசிரியர் தன் வாராந்திரத் தேர்வில் அடுத்த திங்கட்கிழமையே தொடங்கிவிடலாம்.