விளக்கு எரியும் குரோஷா ஊசி: பழக் கோஸ்டர் பின்னிப் பார்த்ததில்

குரோஷா ஊசிக்கு விளக்கு எதற்கு என்று கேட்பவர்கள், ராத்திரி டியூப்லைட் வெளிச்சத்தில் கறுப்பு நூலில் ஒரு சுற்று போட்டுப் பார்க்க வேண்டும். கண்ணி எங்கே இருக்கிறதென்று கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க முடியும். அந்தச் சிரமத்துக்காகவே வந்திருக்கிறது யூ.எஸ்.பி.யில் சார்ஜ் ஏற்றும் இந்த ஊசி. ஆன்லைனில் பல பெயர்களில் விற்கிறார்கள், அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். தடித்த பிடி, அதற்குள் ஒரு எல்.இ.டி., எண்ணிக்கை காட்டும் சின்னத் திரை, கழற்றி மாட்ட 2.5 மில்லிமீட்டரில் தொடங்கும் பிளாஸ்டிக் முனைகள். விலை சில நூறு ரூபாய்.

இதைச் சோதிக்கப் பழ வடிவக் கோஸ்டர்களைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. கோஸ்டர் சிறியது, தப்பை மறைக்க இடம் தராது. டபுள் குரோஷாவில் வட்டம் தட்டையாக வர, முதல் சுற்றில் 12 கண்ணி, அடுத்து 24, 36, 48 என்று ஒவ்வொரு சுற்றிலும் பன்னிரண்டு கூட வேண்டும். குறைந்தால் கிண்ணம் போலக் குவியும், கூடினால் ஓரம் அலை அலையாக மடங்கும். குவிந்த கோஸ்டரில் டம்ளர் நிற்காது. நிறமும் அடிக்கடி மாறும். தர்பூசணிக்குச் சிவப்பு, மெல்லிய வெள்ளை, பச்சை, மேலே கறுப்பு விதை. ஆரஞ்சுக்கு வெள்ளை நூலால் சுளைக் கோடு. ஊசியின் நல்லதும் கெட்டதும் இதில் சீக்கிரம் தெரிந்துவிடும்.

முதலில் வெளிச்சம். முனை முழுவதும் கண்ணாடி போன்ற தெளிவான பிளாஸ்டிக். பிடிக்குள் இருக்கும் எல்.இ.டி.யின் ஒளி அதன் வழியே உள்ளுக்குள்ளேயே பிரதிபலித்துப் போய், கொக்கியின் வாயருகே வெளியேறுகிறது. ஒளி விழ வேண்டிய இடம் அதுதான். மேசை விளக்கு வைத்தால் நம் கை நிழலே வேலையின் மேல் விழும். இதில் கண்ணியின் உள்ளிருந்தே வெளிச்சம் வருவதால் நிழலுக்கு இடமில்லை.

இதன் அருமை தெரிந்தது நுங்கு பின்னியபோது. சித்திரை, வைகாசியில் கலவை ஊரைச் சுற்றிய சாலையோரங்களில் சீவிக் கொடுக்கிறார்களே, அந்த மேல்வெட்டுத் தோற்றம்தான் கோஸ்டர். நடுவில் வெளிர் மஞ்சள் வட்டம், அதில் வெள்ளை நூலில் தனியாகப் பின்னித் தைத்த மூன்று கண்கள், வெளி விளிம்பில் கருநீலம் கலந்த கறுப்பு. அந்த விளிம்புச் சுற்றை ராத்திரி கரெண்ட் போன நேரத்திலும் தடையின்றி முடிக்க முடிந்தது. சாதாரண ஊசியால் இது ஆகாது. பழக் கோஸ்டர் என்றால் எல்லோரும் எலுமிச்சையும் கிவியும்தான் போடுகிறார்கள். நம் ஊர் மேசைக்கு நுங்கைப் போல் பொருந்துவது வேறில்லை என்பேன். சீத்தாப்பழம் மட்டும் வேண்டாம். அதன் தோலைப் போல மேடு மேடாகப் பின்னினால் பார்க்க அழகு, ஆனால் டம்ளர் ஆடும்.

இனிக் குறைகள். கோஸ்டருக்குப் பருத்தி நூல்தான் சரி. ஈரத்தை அது உறிஞ்சும், சூடான டபராவையும் தாங்கும். அக்ரிலிக் இரண்டையும் செய்யாது, அதிகச் சூட்டில் இளகவும் செய்யும். ஆனால் பருத்திக்கு இழுபடும் தன்மை கிடையாது. அலுமினிய ஊசியில் வழுக்கிக்கொண்டு வரும் நூல், இந்தப் பிளாஸ்டிக் முனையில் ஒட்டி நின்று வருகிறது. நெருக்கமாகப் பின்னும் கை என்றால் ஒவ்வொரு கண்ணியிலும் முனை லேசாக வளைவது தெரியும். மெல்லிய அளவில் கொக்கியின் கழுத்துதான் முதலில் போகும் இடம். முனையைப் பிடியில் செருகும் இணைப்பும் இழுக்கும்போது கொஞ்சம் திரும்பிக்கொள்கிறது.

பிடியைப் பற்றியும் ஒன்று. ஊசியைக் கத்தி பிடிப்பதுபோல் மேலிருந்து பிடிப்பவர்களுக்கு இந்தத் தடிமன் நன்றாக இருக்கும், விரல் மடங்கி வலிக்காது. பேனாவைப் போல் பிடிப்பவர்களுக்குப் பேட்டரியின் கனம் கைக்குப் பின்னால் தொங்கும்.

எண்ணிக்கைத் திரை எனக்குப் பிடிக்கவில்லை. பொத்தான் இருக்கும் இடத்தில்தான் கட்டைவிரலும் உட்காருகிறது, தெரியாமல் அழுந்திவிடும். எண் தப்பினால் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். இதைவிட நல்ல கருவி நம் பகுதிக் கடைகளிலேயே கிடைக்கிறது. மேல்விஷாரம், ஆம்பூர் பக்கம் திக்ர் என்னும் இறைத்துதியை எண்ணவும், கோயில் ஊர்களில் நாம ஜபம் எண்ணவும் விரலில் மோதிரம்போல் மாட்டிக்கொள்கிறார்களே, அந்த டிஜிட்டல் எண்ணி. நூறு ரூபாயை ஒட்டிய விலை. நூல் பிடிக்கும் கையில் மாட்டிக்கொண்டு, சுற்று முடிந்ததும் ஒரு அழுத்து.

தோல் பதனிடும் பகுதியில் இருப்பதால் இன்னொரு சோதனையும் செய்தேன். பருத்திக் கோஸ்டரை ஈரம் கடந்து மேசைக்குப் போய்விடும். அடியில் வட்டமாக வெட்டிய தோல் துண்டு இருந்தால் போகாது. ஷூ அப்பருக்குப் போகும் குரோம் தோலின் வெட்டு மிச்சம் இதற்கு ஏற்றது. ஆவாரம் பட்டை போன்றவற்றால் பதனிட்ட தோலில் தண்ணீர் பட்டால் கறை விழும். ஓரத்தில் பஞ்ச் வைத்து 2 மில்லிமீட்டர் ஓட்டைகள் போட்டு, அவற்றின் வழியே நூலை எடுத்துக் கடைசிச் சுற்றோடு சேர்த்துப் பின்ன வேண்டும். விளக்கு ஊசி இங்கே முழுத் தோல்வி. அதன் மிகச் சிறிய முனையே 2.5, ஓட்டைக்குள் நுழையாது. லேஸ் வேலைக்கான 1.5 மில்லிமீட்டர் ஸ்டீல் ஊசிதான் கைகொடுத்தது.

இந்தக் கருவியை விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் ஷூ அப்பரைக் கையால் தைக்கும் வேலை வீடுகளுக்கே வருகிறது. ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. செய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். கண் பூத்துப்போவதும் விரல் மரத்துப்போவதும் அவர்களுக்கு அன்றாடம். குரோஷாவும் கையாலேயே செய்ய வேண்டிய வேலைதான். ஸ்வெட்டர் பின்ன இயந்திரம் வந்து நெடுங்காலம் ஆகியும், குரோஷா போடும் இயந்திரம் ஆலைகளுக்கு இன்னும் வரவில்லை. 2016 ஜனவரியில் சென்னையில் 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' குழுவினர் 11,148.5 சதுர மீட்டர் போர்வையை உருவாக்கிக் கின்னஸ் சாதனை படைத்தார்களே, அதிலும் ஒவ்வொரு கண்ணியும் யாரோ ஒருவரின் கை போட்டதுதான். கையால் மட்டுமே நடக்கும் தொழிலில் கண்ணுக்கும் விரலுக்கும் சுகம் தரும் கருவியை ஆடம்பரம் என்று சொல்வது நியாயமில்லை.

ராத்திரியில், அடர் நிற நூலில், கொஞ்சம் தளர்வாகப் பின்னுபவர் என்றால் தாராளமாக வாங்கலாம். கோஸ்டர் மட்டுமே போடப் போகிறீர்கள் என்றால் வேண்டாம். 2.5 அலுமினிய ஊசி ஒன்று, 1.5 ஸ்டீல் ஊசி ஒன்று, மோதிர எண்ணி ஒன்று போதும். மீதிப் பணத்துக்கு நல்ல பருத்தி நூல் வாங்குங்கள். சிவப்பு நூலை மட்டும் முதலில் சுடுதண்ணீரில் ஊறவைத்துச் சாயம் போகிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் தர்பூசணியின் வெள்ளை வளையம் ஒரே துவைப்பில் ரோஜா நிறமாகிவிடும்.